வாயைத் திறந்து கேட்கட்டும்

ஊசி போட்டாகிவிட்டது, இனி அவர் கேட்கட்டும் என்று தையல்நாயகி மடியிலிருந்த பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். சுவரில் பழப் படம். பச்சைக் கட்டத்துக்குள் கொய்யா, நாவல், நெல்லி. சிவப்புக் கட்டத்துக்குள் மா, பலா, வாழை, சப்போட்டா. ருசியாக இருக்கிறதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சிவப்புக்குள் தள்ளி அடைத்தவன் எவனோ, அவன் வீட்டில் மாம்பழக் காலத்தில் என்ன செய்வான். கேட்கட்டும். பை கனக்கிறது. உள்ளே இரண்டு அடுக்கு டிபன் டப்பா, மேல் அடுக்கில் அவருக்கு இட்லி, கீழ் அடுக்கில் அவளுக்கு, உப்புக் குறைத்த சட்னி, தண்ணீர் பாட்டில், ஆபத்துக்கு ஒரு குளுக்கோஸ் பாக்கெட். திருச்சி தில்லைநகரில் இருக்கிற இந்தச் சர்க்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்களுக்கு நடைமுறை அத்துப்படி. வெறும் வயிற்றில் வந்து முதல் ரத்தம் கொடுக்க வேண்டும், பின்பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட வேண்டும், சாப்பிட ஆரம்பித்த நேரத்தை நர்ஸிடம் சொல்ல வேண்டும், அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். கூடம் முழுக்க டப்பாக்கள் திறந்திருந்தன. எல்லா வீட்டு உப்புமாவும் ஒன்றாகக் கலந்து ஒரே வாசனையாக அடித்தது. பக்கத்து நாற்காலியில் அவர், அவளுடைய வீட்டுக்காரர் மாசிலாமணி, சட்டையின் கடைசிப் பொத்தானை இன்னும் போடாமல் இருந்தார். ஊசிக்காகச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். இன்சுலின் பேனா ஊசியில் அளவு எண்ணைத் திருப்பி வைக்க அவருக்குக் கண்ணும் போதாது, விரலும் ஒரு நிலையில் நிற்காது. அவள்தான் திருப்புவாள், அவள்தான் சதையைக் கிள்ளிப் பிடிப்பாள், அவள்தான் குத்துவாள். ஊசி போட்ட அரை மணிக்குள் வயிற்றில் ஏதாவது விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போய் ஆள் மயங்கிவிடுவார், அதற்கு மேலும் ஆகலாம் என்று நர்ஸ் ஸ்டெல்லா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவருக்கும் அது தெரியும். க்ஹும் என்று பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு வந்தது.

அந்தக் கனைப்புக்கு அகராதி போடச் சொன்னால் அவள் போடுவாள். சின்னதாக ஒன்று என்றால் சாப்பாடு. நீட்டி இழுத்தால் காபி. இரண்டு போட்டு, கொஞ்சம் விட்டு, இன்னொன்று போட்டால் வெந்நீர் கொதிக்கிறது, யாரும் விளாவவில்லை என்று அர்த்தம். தட்டை ஓர் அங்குலம் தள்ளினால் உப்பு போதவில்லை, டம்ளரைச் சத்தம் வர வைத்தால் தண்ணீர். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிடையரானவர். பட்டறையில் நன்றாகப் பேசுவாராம். சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டாராம். அந்த வாயை அவர் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் ஒருநாள், ஒரு வேளை, பசிக்குது சோறு போடு என்று அவர் கேட்டதில்லை. கேட்பது அவருக்குப் பிச்சை எடுப்பது. கேட்பதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் கத்தமாட்டார், தட்டை விசிறமாட்டார், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். போனால் எப்போது வருவாரோ. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடக்கூடாது, அது அவர் சொன்ன சட்டம்கூட இல்லை, அவருடைய அம்மா காலத்திலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். குடிக்காதவர், கை நீட்டாதவர், உனக்கென்னடி குறைச்சல் என்று அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். என்ன குறைச்சல் என்று அவளுக்கே சொல்லத் தெரியாமல்தானே இவ்வளவு காலமும் ஓடிப்போயிற்று. க்ஹும். இதோ இரண்டாவது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நேற்று விடியற்காலையிலும் நன்றாகவே கேட்டது. குளியலறை வாசலில் தலை சுற்றி, சுவரைப் பிடித்து, பிடி வழுக்கி, ஈரத்தில் சப்பென்று அவள் உட்கார்ந்துவிட்டபோது பக்கெட் உருண்ட சத்தம் மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும். முன்னறையிலிருந்து நீட்டி இழுத்த கனைப்பு வந்தது. காபி. என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் ஈரப் புடவையோடு காத்திருந்தாள். மறுபடியும் கனைப்புதான் வந்தது. அப்போதுதான், எழுந்திருக்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் தீர்மானித்தாள். இந்த மனுஷன் போய்ச் சேருவதற்குள், அல்லது நான் போய்ச் சேருவதற்குள், வாயைத் திறந்து என்னிடம் ஒரு பிடி சோறு கேட்டாக வேண்டும்.

"என்னாக்கா, இன்னுமா டப்பாவத் தொறக்கல? நான் சாப்ட்டு முடிச்சு ஏப்பமும் விட்டாச்சு." எதிர் நாற்காலி மெஹருன்னிசா. உறையூர்க்காரி. காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வந்து, இங்கே பழக்கமானவள்.

"தொறக்கணும். அவரு ஒண்ணும் சொல்லல."

"அண்ணன் என்ன சொல்றது? எடுத்து வச்சா சாப்புடப் போறாரு. மொகம் வாடிக் கெடக்கு பாரு." அவள் மாசிலாமணியைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மரியாதையாகத் தலையை அசைத்தார். "ரெண்டு பேரும் ஜோடியா வர்றதப் பாத்தா எனக்கு மனசு நெறஞ்சு போவுதுக்கா. எங்க வீட்டுக்காரரு மௌத்தாகி எம்புட்டு வருசமாச்சு. குடுத்து வச்சவ நீ. உங்காளுங்க சொல்ற மாரி பூவும் பொட்டுமா போய்ச் சேந்துரணும், ஆமா."

"அதான, வேறென்ன வேணும்" என்றாள் தையல்நாயகி.

வேறென்ன வேணும். எவள் வாயைத் திறந்தாலும் இதே ஆசீர்வாதம். கல்யாண வீட்டில் குனிந்தால், கோயிலில் குங்குமம் கொடுத்தால், தீர்க்க சுமங்கலியா இரு. அதாவது அவருக்கு முன்னால் செத்துப் போ. எல்லாரும் சிரித்த முகமாக வந்து அவளுடைய சாவுக்குத்தான் நாள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு அது வேண்டாம். அவளுக்கு அவருக்குப் பின்னால்தான் போக வேண்டும். ஒரு மாதம் போதும். பூவும் வேண்டாம், பொட்டும் வேண்டாம், காலையில் பசித்ததும் சுடச்சுடச் சோறு வடித்து, ரசம் கூட வேண்டாம், நெய்யும் உப்புமாகப் பிசைந்து, யாருக்கும் காத்திராமல், சமையலறையில் நின்றபடியே தின்ன வேண்டும். ஆனால் யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியவில்லையே. அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது, பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. அவளுக்குச் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வயிற்றுப் புண், முழங்கால் இரண்டும், வலது கண்ணில் லேசர் வைத்துச் சுட்டது. ஒரு மாதம் அவர் இளைத்தால் அடுத்த மாதம் அவளுக்கு ஏதாவது வந்துவிடும். அவளுடைய முழங்கால் டாக்டர் கொடுக்கும் வலி மாத்திரை வயிற்றைப் பிடுங்கும், வயிற்று டாக்டர் நிறுத்து என்பார், நிறுத்தினால் முழங்கால் ஊரைக் கூட்டும். நட நட என்பார் சர்க்கரை டாக்டர், படி ஏறாதே, நிற்காதே என்பார் முழங்கால் டாக்டர். அவருக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மூத்திரத்துக்குப் பார்க்கிறவர் சொன்னார், சொட்டுச் சொட்டாகக் குடி என்று இதயத்துக்குப் பார்க்கிறவர் சொன்னார். ஒரு நிலத்தை ஆளாளுக்குப் பாகம் பிரித்துக்கொண்டு வரப்புச் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. நிலத்துக்காரியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்பதில்லை. யாரும்தான் கேட்பதில்லை. எங்கே சுற்றினாலும் நினைப்பு அங்கேதான் வந்து இடித்துக்கொள்கிறது.

அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு நோய்க்கும் பிறந்த கதை அவளுக்குத் தெரியும். டாக்டர்கள் பரம்பரை என்றார்கள், வயசு என்றார்கள், அவளும் தலையாட்டினாள். வயிற்றுப் புண் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடப் போய்ச் சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்த நாட்களில் பிறந்தது. உலை வைத்த கையோடு பசி வந்து, பசி போய், எரிச்சல் வந்து, எரிச்சலும் போய், அப்புறம் வெறும் தண்ணீர் குடித்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். சர்க்கரை அதே நாட்களின் இரண்டாவது பிள்ளை. ஆறிப்போன சோற்றை, மிச்சம் மீதியை, பானையைச் சுரண்டி ஒரேயடியாகத் தின்றுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாளே, அதில் பிறந்தது. முழங்கால், குவார்ட்டர்ஸின் பின்கட்டிலிருந்து அண்டா அண்டாவாக வெந்நீர் தூக்கியதில். பிரஷர் எப்போது என்று தெரியாது, அந்தக் கனைப்பு வரும்போதெல்லாம் காதுக்குள் குப்பென்று ஒன்று ஏறும், அதுதான் அதுவாக இருக்கும். கண்ணை மட்டும் அவர்மேல் போட அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணுக்கும் ஏதாவது கிடைக்காமலா போகும், யோசித்தால். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் வலது கையால் இடது கை மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். விரல் இளைத்து மோதிரம் தொளதொளவென்று ஓடியது. அவருடைய பார்வை பைமேல் வந்தது, உடனே டிவிக்குப் போனது. டிவியில் ஏதோ ஒரு கோயிலில் சாமிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கேளுங்க. கேட்டுத் தொலைங்களேன். ஒரு வார்த்தை. மெஹருன்னிசாவை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவள் கட்டுக் காலை இழுத்துக்கொண்டு, "சீக்கிரம் குடுக்கா அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "அய்யாவுக்கு டைம் சொல்லவே இல்லியேம்மா, ஆரம்பிச்சாச்சா?"

"இதோ ஆச்சு, சிஸ்டர்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. அவருக்கும் அது கேட்டிருக்கும். அவர் திரும்பி அவளைப் பார்த்தார், நேராக, முகத்துக்கு முகம். அந்தப் பார்வையில் இருந்ததைப் பார்த்து அவளுக்குத் திடுக்கென்றது. தெரிந்துகொண்டுவிட்டார். இது மறதி இல்லை, வேண்டுமென்றே என்று கண்டுகொண்டுவிட்டார். சரி, நல்லதாகப் போயிற்று, இனிமேல் கேட்டால் அது உண்மையான கேள்வி. அவர் மெல்லக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். சங்கத்தில் வேலை நிறுத்தம் என்றால் இப்படித்தான் உட்காருவாராயிருக்கும். கனைப்பும் நின்றுவிட்டது. அடப்பாவி. இந்த வைராக்கியத்தில் கால்வாசி நல்லதுக்குப் போயிருந்தால் அவள் கோயில் கட்டியிருப்பாள். அன்றைக்கும் இதே வைராக்கியம்தானே. அவளுடைய அம்மா செத்துப்போன அன்றைக்கு. லால்குடியிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், விடியற்காலையில் உயிர் போய்விட்டது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்று. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அவர் பட்டறையில். அடுப்புப் பற்ற வைக்கவில்லை, சாவுச் சேதி வந்த வீட்டில் எவள் உலை வைப்பாள். அவள் கதவுக்குப் பின்னால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வந்தார், கால் கழுவினார், பலகையில் உட்கார்ந்தார். க்ஹும். அவள் வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை, சத்தியமாக எழவில்லை. என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உடைந்துகொண்டு வந்திருக்கும். அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார், முந்தின நாள் ராத்திரி நடந்த ஏதோ ஒரு சின்ன மனஸ்தாபத்துக்கு இவள் வேலை நிறுத்தம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார், எழுந்தார், சட்டையை மாட்டினார். அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது. தனியாகப் பஸ் ஏறிப் போயிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அவளுக்குப் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்றுகூடத் தெரியாது. விளக்கு வைத்த பிறகு அவர் வந்தார். மகளுக்காகப் பார்த்துப் பார்த்து, இருட்டுகிற நேரத்தில் லால்குடியில் எடுத்துவிட்டிருந்தார்கள். பெற்றவள் வாயில் போடுகிற அந்த ஒரு பிடி அரிசி, வாய்க்கரிசி, அதை அவள் கை போடவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். நீ சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லியிருக்கலாம்! நீங்க கேட்டிருக்கலாம் என்று திருப்பிச் சொல்ல அவளுக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு வரும். இன்றைக்கு எல்லாம் வரும். ஏன் கை இப்படி நடுங்குகிறது, பையின் காது ஈரமாகிவிட்டது. வேர்வை. மேலே மின்விசிறி ஓடுகிறதே. அவளுக்கு வேர்க்கிறதா, அவருக்கா. இரண்டு பேருக்கும். அவருடைய காதோரத்தில் மணி மணியாக அரும்பி, கன்னத்தில் இறங்கி, மூக்குக்குக் கீழே நின்றது. கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும், அது தூக்கத்தின் கொட்டாவி இல்லை. சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட முயன்று, மேல் ஓட்டையில் நுழைத்து, மறுபடி கழற்றி, மறுபடி அதே ஓட்டை. குடுத்துரு. டப்பாவைத் திற. திறந்தால் ஜெயித்துவிடுவார். திறக்காவிட்டால் செத்துவிடுவார். செத்தால், கேட்காமலே போய்விடுவார். அதுதான் அவள் கணக்கில் விட்டுப்போனது. கேட்காமலே போய்விட்டால் அப்புறம் அவள் யாரிடம் வாங்குவது. அப்படியே கைகளைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு கிடப்பார், எல்லாரும் வந்து என்ன ஒரு கம்பீரம் என்பார்கள், அவள் காலமெல்லாம் தோற்றவளாகவே கிடப்பாள். அந்த ஒரு மாதம் முழுக்க நெய்யும் உப்புமாகப் பிசைந்த சோறு தொண்டையில் இறங்காது. கொல்லக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷன். கொல்ல. என்ன வார்த்தை அது. அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாளா, ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்து, மடியில் இட்லியை வைத்துக்கொண்டு? படத்தில் சிவப்புக் கட்டம் கொஞ்சம் நகர்ந்தது. சப்போட்டா உருண்டு பச்சைக்குள் போயிற்று. உதடு மரத்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அவருக்கு ஊசி போட்ட கையோடு அவளும் தன் மாத்திரையை விழுங்கியிருந்தாள். அவளுக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள், அவள் கொடுக்காமல் அவர் சாப்பிடமாட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சேரலாம், என்ன பொருத்தம் என்று ஊர் மெச்சும். சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது. டப்பாவைத் திற. விரல் எது, மூடி எது. அம்மா அரிசி கேட்கிறாள். இல்லை, அம்மா வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறாள், யாரோ கை நிறைய அரிசியோடு பஸ்ஸைத் தேடிக்கொண்டு நிற்கிறாள். கேட்கட்டும். இன்னும் ஒரு நிமிஷம். கேட்கட்டும்.

யாரோ அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அம்மா."

அவர்தான். ஆனால் அவருடைய குரல் இல்லை. மெலிந்து, இழுத்து, மூக்கால் பேசுகிற ஒரு குரல். கண் அவளைப் பார்த்தது, அவளைக் காணவில்லை.

"பசிக்குதும்மா. சோறு போடும்மா. பசிக்குது."

அவள் மனசுக்குள் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்திருந்த அதே வார்த்தைகள். பசிக்குது. சோறு போடு. ஒரு சொல் குறையவில்லை. முதலில் ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது, பொங்கின வேகத்தில் அடங்கியும் போயிற்று. இது அவளிடம் கேட்டதில்லை. அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்பே செத்துப்போன ஒருத்தியிடம் கேட்டது. கேட்டவரும் அவளுடைய புருஷன் இல்லை, கால்சட்டை போட்ட ஏதோ ஒரு பிள்ளை. இதிலும் ஏமாற்றிவிட்டார். பாவி, இதிலும் ஏமாற்றிவிட்டார் என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவருடைய தலை அவள் தோளில் சாய்ந்தபோதுதான் பயம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. சிஸ்டர் என்று கூப்பிட வாயெடுத்தாள், குரல் எழவில்லை. பையைக் கவிழ்த்தாள். குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கொட்டினது பாதி, அள்ளினது பாதி, அவருடைய கன்னத்துக்கு உட்பக்கம் விரலால் தேய்த்தாள். வாயைத் திறங்க. முழுங்குங்க. ம், முழுங்குங்க. தேய்த்த விரலைத் தன் வாயிலும் வைத்துக்கொண்டாள். அவருக்கு ஒரு விரல், தனக்கு ஒரு விரல். அவர் சப்புக்கொட்டினார். தாடையில் வெள்ளையாக ஒழுகியது. கூடத்தில் ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. டிவியில் சாமிக்குச் சந்தனம் சாத்தத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் படத்துப் பழங்கள் அதனதன் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தன. டப்பா திறந்துகொண்டது, மூடி மூடியாகவும் விரல் விரலாகவும் ஆயிற்று. இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு அவருக்கு ஊட்டினாள். அவர் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார், ஒவ்வொரு வாய்க்கும் வாயைத் திறந்தார்.

ஸ்டெல்லா வந்து பார்த்தபோது சட்டை முன்பக்கமெல்லாம் குளுக்கோஸ். அவள் ஓடிப்போய்க் கருவியை எடுத்துவந்து இரண்டு பேர் விரலையும் குத்திப் பார்த்தாள். ஏறிவிட்டது, பயமில்லை என்றாள். "ஊசி எப்பவோ போட்டீங்க, இவ்வளோ நேரமா என்ன பண்ணிட்டிருந்தீங்க? எல்லாம் தெரிஞ்ச நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா? இன்னிக்கு ரெண்டாவது ரத்தம் எடுத்துப் பிரயோஜனமில்ல, நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன். மிச்சத்தையும் சாப்பிடுங்க, ரெண்டு பேரும்." அவள் அலுத்துக்கொண்டே போனாள். தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது.

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டால் வாயைத் துடைத்தார். சட்டையைப் பார்த்தார், தப்பாகப் போட்ட பொத்தானைப் பார்த்தார், கழற்றிச் சரியாகப் போட்டார். முகம் பழைய முகமாகிவிட்டது.

"வேணும்னுதான் பண்ணின" என்றார். டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆமா."

"நான் செத்தாலும் பரவால்லன்னு."

"நீங்க செத்தாலும் கேக்கக்கூடாதுன்னு இருந்தீங்க இல்ல. அப்படித்தான்."

தொண்டையைச் செருமப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "கேக்கல இல்ல" என்றார்.

அவள் கீழ் அடுக்கைப் பிரித்துத் தன் இட்லியை எடுத்தாள். அவர் மெல்லத் திரும்பினார்.

"நான் எதுவும் கேக்கல. கேட்டேனா?"

"கேட்டீங்க."

"பொய் சொல்லாத."

"சரி, பொய்."

அவருடைய விரல் மோதிரத்துக்குப் போயிற்று. அவருக்கு நினைவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் அவரிடமிருந்து காணாமல் போயிருந்தது, அது அவளிடம் இருந்தது. அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரெல்லாம் இருந்தார்கள், யார் காதில் விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவது அவளுக்குத் தெரிந்தது. ஒருவரும் இல்லை. கேட்டவள் அவள் ஒருத்திதான். இது புரிந்ததும் அவளுடைய நெஞ்சுக்குள் ஏதோ நிதானமாக வந்து உட்கார்ந்துகொண்டது. நடுக்கம் நின்றிருந்தது. இவ்வளவு தெளிவாக அவள் இருந்து ரொம்ப காலமாகியிருந்தது.

"என்ன சொன்னேன்?"

அவள் இட்லியைச் சட்னியில் தொட்டாள்.

"ஏதாவது உளறினேனா? யார் பேரையாவது சொன்னேனா?"

உப்பு போதவில்லை. பரவாயில்லை, மென்று தின்றால் இட்லிக்கே ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

"என்ன சொன்னேன்னு சொல்லு." குரல் தணிந்தது. பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி அவர் அவள் காதருகே குனிந்தார். "சொல்லேன். உன்னத்தான் கேக்கறேன். ஒருதரம் சொல்லிடேன்."

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. கேட்கிற கண். ஒரு வார்த்தையில் அவருக்கு நிம்மதி கொடுத்துவிடலாம். கேட்டது உங்க அம்மாவிடம்தான், என்னிடம் இல்லை என்று சொன்னால் போதும், அந்தக் கண் ஆறிவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"கேக்கறேன்ல" என்றார் மறுபடியும்.

அவள் அடுத்த இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பிட்டாள்.